என்டர் மட்டும்தான் தட்டினாரு

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன் சார். அந்த ரூம்ல நான் இல்ல. நான் சொல்லப்போறதுல பாதிக்கு மேல நவநீதன் அண்ணன் வாயால கேட்டது. ஸ்ரீரங்கத்துல அந்த ஸ்கேன் சென்டர்ல கம்ப்யூட்டர் பாத்துக்கறவரு. அன்னிக்கு உங்க பையன் ஆஸ்டின் அண்ணன் பக்கத்துல டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னது அவருதான். மூணு தடவை கேட்டுட்டேன். மூணு தடவையும் ஒரே மாதிரிதான் சொன்னாரு. அதனால நம்பிச் சொல்றேன். எங்க எனக்குத் தெரியலையோ அங்க தெரியலன்னு சொல்லிடறேன்.

இல்லைங்க, ஆபீஸ்லேருந்து யாரும் அனுப்பல. கையெழுத்து வாங்கவும் வரல. பாருங்க, பையில டிபன் பாக்ஸும் குடையும்தான் இருக்கு. நானாத்தான் வந்தேன். தெருமுனையில ஐயப்பன் மாவு மில்லுல கணக்கு வாத்தியார் தைரியராஜ் சார் வீடுன்னு கேட்டேன், கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வராத குறையா காட்டினாங்க.

பேரு மலர்க்கொடி சார். ஊரு மருங்காபுரி. அப்பா பேரு பிச்சைமுத்து, மணப்பாறை சந்தையில மாட்டுத் தரகு பாக்கறாரு. எங்க வீட்டுல முதல்ல டிகிரி வாங்கினது நான்தான். தென்னூர்ல ஆஸ்டின் அண்ணன் இருந்தாருல்ல, அதே கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆபீஸ்தான். அண்ணன் பாத்த வேலையை இப்ப நான் பாக்கறேன். எப்ப சேந்தேனா? ஆச்சுங்க சார், கொஞ்ச நாள் ஆச்சு.

உக்காந்துக்கறேன் சார். லின்சி அக்கா, காபி வேண்டாங்கக்கா. சரி, அரை டம்ளர்.

நீங்க எழுந்து உள்ள போயிருவீங்களோன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன். ஆஸ்டின் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போயிருவாருன்னு அக்கா சொல்லியிருந்தாங்க. ஒரு அரை மணி நேரம் மட்டும் கேளுங்க சார். அப்பறம் போகச் சொன்னா போயிடறேன்.

அண்ணன் அன்னிக்குப் பாக்கப் போன மிஷின் என்னன்னு சொல்லிடறேன். ஒரு பெட்டி சார், நம்ம அரிசி டின்னை படுக்க வெச்ச மாதிரி. அதுக்கு டிவி கிடையாது, கீபோர்டு கிடையாது. யூனிக்ஸ் வகையில ஒரு சாஃப்ட்வேர் உள்ள ஓடும். ஸ்கேன் எடுக்கற படம் எல்லாம் அதுக்குள்ளதான் போய் உக்காரும். தினமும் ராத்திரி அதுவே இன்னொரு இடத்துக்கு காப்பி அனுப்பிடும். போன வருஷம் அக்டோபர்ல மூணு நாளா அந்தக் காப்பி மட்டும் போகல. படம் எல்லாம் உள்ள பத்திரமாத்தான் இருக்கு, காப்பி மட்டும் இல்ல. அதைப் பாக்கத்தான் அண்ணனை அனுப்பினாங்க. பெரிய வேலை இல்ல சார். பத்தரைக்குப் போனா பன்னெண்டுக்குத் திரும்பிடலாம். அண்ணன் சாப்பாடுகூட எடுத்துக்கிட்டுப் போகல.

நெட்வொர்க் வழியா உள்ள போகப் பாத்தாரு, விடல. அந்த மாதிரி நேரத்துக்குன்னே பின்னாடி ஒரு ஓட்டை இருக்கும். கன்சோல்னு சொல்லுவோம். லேப்டாப்லேருந்து ஒரு ஒயரை அதுல சொருகினா நேரடியா மிஷின்கிட்ட பேசலாம். நாம தட்டற எழுத்து அதுக்குப் போகும், அது சொல்றது நம்ம திரையில வரும். வேற யாரும் நடுவுல இல்ல.

பெட்டி சுவத்தோட ஒட்டி இருந்துச்சாம். அண்ணன் முட்டி போட்டு, தலையை உள்ள விட்டு ஒயரை சொருகியிருக்காரு. நவநீதன் அண்ணன் சும்மா இருக்க மாட்டாருல்ல, என்ன ஆஸ்டினு, மிஷினுக்கு ஜெபம் பண்றியான்னு கேட்டாராம். அதுக்கு அண்ணன், நீங்களும் முட்டி போடுங்கண்ணே, உங்க ரங்கநாதரும் சேந்து பாத்தாத்தான் இது வேலைக்காகும்னாராம். அவ்வளவு சாதாரணமாத்தான் சார் ஆரம்பிச்சிருக்கு.

முதல்ல லேப்டாப்பே ஒயர் சொருகின வாசலை, போர்ட்டைத் திறக்கல. அனுமதி இல்லைன்னுச்சு. அது சின்ன விஷயம், லேப்டாப்புல நம்ம பேரை ஒரு குரூப்புல சேத்தாப் போதும். சேத்தாரு. அப்பறம் போர்ட் பிஸின்னுச்சு. வேற ஏதோ ஒரு புரோகிராம் அதைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. அதை நிறுத்தினாரு. இப்ப திறந்துச்சு. திறந்தா திரை முழுக்கக் குப்பை. கட்டம், கோடு, கேள்விக்குறி. மிஷின் நிமிஷத்துக்கு ஒரு தடவை காப்பி போகல, காப்பி போகலன்னு கத்திக்கிட்டு இருந்திருக்கு. அது நமக்குப் புரியற மாதிரி வரல. எங்க பெரியப்பா எழுதற லெட்டர் மாதிரியே இருக்குன்னு அண்ணன் சிரிச்சாராம். உங்க அண்ணனைத்தானே சொன்னாரு? சரிங்க சார்.

குப்பை வந்தா ரெண்டு காரணம்தான் சார். ஒயர் சரியில்ல, இல்லாட்டி வேகம் சரியில்ல. வேகம்னா, நீங்க போர்டுல சொல்லச் சொல்ல பசங்க எழுதற மாதிரி வெச்சுக்குங்க. சொல்றவங்களும் எழுதறவங்களும் ஒரே வேகத்துல போகணும். மிஷின் ஒரு வேகத்துல பேசும், லேப்டாப்பையும் அதே வேகத்துக்கு வெக்கணும். எந்த மிஷினுக்கு எந்த வேகம்னு எங்க ஆபீஸ்ல ஒரு ஷீட் இருக்கு. போற இடத்துலேருந்து போன் போட்டா ஆபீஸ்ல இருக்கறவங்க பாத்துச் சொல்லணும். அதுதான் எங்க வழக்கம். நாமளா ஊகிச்சு எதையும் வெக்கக் கூடாதுன்னு முதலாளி கண்டிப்பாச் சொல்லியிருக்காரு. ஒரு தடவை யாரோ ஊகிச்சு எங்கயோ எதையோ கெடுத்துட்டாங்களாம்.

அண்ணன் போன் போட்டாரு. ஒம்பதாயிரத்தி அறுநூறுன்னு பதில் வந்துச்சு. அண்ணன் லேப்டாப்புலயும் அதேதான் வெச்சிருந்தாரு. அப்ப வேகம் சரி. ஒயர்தான் சரியில்லைன்னு அண்ணன் முடிவு பண்ணிட்டாரு.

யாரா? போனை எடுத்தவங்களா? சொல்றேன் சார்.

ஒயரை மாத்தினாரு. பையில ரெண்டு வெச்சிருப்பாரு எப்பவும். ரெண்டாவதுலயும் குப்பை. ஒயருக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல ஒரு குட்டி அடாப்டர் உண்டு, அதை மாத்தினாரு. ஒயர் உள்ள கம்பி குறுக்க மாறியிருக்கான்னு மீட்டர் வெச்சுப் பாத்தாரு. நவநீதன் அண்ணன் சொல்றாரு, அவன் ஒவ்வொண்ணையும் பாத்துட்டு நோட்டுல எழுதிக்கிட்டே வந்தாம்மா, நான்தான் அவசரப்படுத்தினேன்னு. அந்த நோட்டை நான் பாத்தேன் சார். என்கிட்டத்தான் இருக்கு இப்ப. பத்து அம்பத்தஞ்சு, ஒயர் ஒண்ணு. பதினொண்ணு பத்து, ஒயர் ரெண்டு. எழுத்து அவ்வளவு அழகு. நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்களாமே, ஏழுக்கு நடுவுல குறுக்குக் கோடு போடணும்னு. போட்டிருக்காரு.

கடைசியா நாம தட்டறதாவது அதுக்குப் போய்ச் சேருதான்னு பாக்கலாம்னு என்டரைத் தட்டியிருக்காரு. ஒரு தடவைதான். திரையில ஒரே ஒரு வரி குப்பை வந்துச்சு. அதோட நின்னு போச்சு. நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்திக்கிட்டு இருந்ததும் நின்னு போச்சு. நோட்டுல எழுதியிருக்காரு: பதினொண்ணு இருபத்தி ஏழு, என்டர், அதன்பின் மௌனம்.

ரெண்டு நிமிஷம் இருக்காது சார், ஸ்கேன் ரூம்லேருந்து அந்த டெக்னீஷியன் பொண்ணு ஓடி வந்துச்சு. படம் சேவ் ஆகலன்னு. உள்ள ஒருத்தரைப் படுக்க வெச்சு பாதி எடுத்திருக்காங்க. மேனேஜர் வந்தாரு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னாரு. அண்ணன், வேண்டாம் சார், என்னன்னு தெரியாம நிறுத்தக் கூடாது, பத்து நிமிஷம் குடுங்கன்னு கெஞ்சியிருக்காரு. வெளிய இருபது பேரு உக்காந்திருக்காங்க, பத்து நிமிஷமாம்ல பத்து நிமிஷம்னு சொல்லிட்டு மேனேஜரே குனிஞ்சு பிளக்கைப் பிடுங்கிட்டாரு. திரும்ப மாட்டினா டிக்கு டிக்குன்னு சத்தம். டிஸ்க்கு பழசு. எழுந்திரிக்கவே இல்ல.

மூணு நாள் படம் போச்சு சார். அறுபத்தி ரெண்டு பேரோடது.

இது உங்களுக்குத் தெரியும், தெரியாதது ஒண்ணு சொல்றேன். அந்த அறுபத்தி ரெண்டு பேருக்கும் போன் போட்டது யாருன்னு நினைக்கிறீங்க? ஸ்கேன் சென்டர்காரங்க இல்ல. ஆஸ்டின் அண்ணன். ரெண்டு நாள் அங்கயே ஸ்டூல் போட்டு உக்காந்து போட்டாராம். திரும்ப வரணும்மா, மன்னிச்சுக்குங்கன்னு. பாதிப்பேரு திட்டினாங்க. முசிறிப் பக்கம் மயிலம்மாள்னு ஒரு அம்மா, தலையில கட்டின்னு சந்தேகம், அந்தக் குழாய்க்குள்ள படுக்கறதுக்கே நடுங்கிச்சாம். மறுபடியும் வர மாட்டேன்னு அழுதிருக்கு. அதுகூட முக்கா மணி நேரம் பேசியிருக்காரு. அது ரெண்டாவது தடவை வந்தப்ப கூடவே நின்னு, கண்ணை மூடிக்குங்கம்மா, சத்தத்தை எண்ணிக்கிட்டே இருங்கன்னு சொல்லிக் கொடுத்தாராம். நவநீதன் அண்ணன் இதைச் சொல்றப்ப எழுந்து போய் மூஞ்சி கழுவிட்டு வந்தாரு.

ஆனா பாருங்க, அந்த அறுபத்தி ரெண்டு பேருகிட்டயும் மிஷின் நின்னு போச்சுன்னுதான் சொன்னாரு. நான் நிறுத்திட்டேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அதுதான் முதலாளிக்குக் கோவம். உனக்கு எவ்வளவு திமிரு இருந்தா இப்பவும் மிஷின் மேல போடுவேன்னாரு. ஸ்கேன் சென்டர்லேருந்து லெட்டர் கேட்டாங்க. என் கவனக்குறைவால் இது நேர்ந்ததுன்னு ஒரு வரி. எழுதிக் குடுத்துட்டா வேலையும் போகாது, ஆறு மாசம் இன்க்ரிமென்ட் மட்டும் நிப்பாட்டுவேன்னு முதலாளி சொன்னாரு. அது எனக்கு நல்லாத் தெரியும் சார், அந்த மீட்டிங்ல நானும் இருந்தேன். பேப்பர், பேனா எல்லாம் அண்ணன் முன்னாடி வெச்சாங்க. அண்ணன் தொடவே இல்ல. பண்ணியிருந்தா பண்ணேன்னு எழுதிருவேன் சார், நான் என்டர் மட்டும்தான் தட்டினேன்னாரு. என்டர் தட்டினா மிஷின் நிக்குமாடான்னு எல்லாரும் சிரிச்சாங்க.

ஆமா சார். நான் அப்பவே அங்கதான் இருந்தேன். அண்ணன் போனதுக்கு அப்பறம் சேந்தவள்னு நினைச்சுட்டீங்க. நானும் அப்படியே விட்டுட்டேன். தப்புதான். இருங்க, வரேன்.

நீங்களும் அதையே கேட்டீங்கன்னு அக்கா சொன்னாங்க. ஒண்ணும் பண்ணலைன்னா அது எப்படிடா நிக்கும்னு. உங்களைக் குத்தம் சொல்ல வரல சார். யாரா இருந்தாலும் அதைத்தான் கேப்பாங்க. நான்கூட அன்னிக்கு ராத்திரி அண்ணன் வேற ஏதோ தட்டியிருப்பாருன்னு நினைக்க ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டேன்னுதான் சொல்லணும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாடி அண்ணனைப் பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொன்னீங்களாமே. அந்த வார்த்தையே எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். செஞ்சது தப்பு இல்லடா, செய்யலைன்னு சாதிக்கிறதுதான் தப்பு, போய் ஃபாதர்கிட்ட சொல்லிட்டு வான்னு சொன்னீங்களாம். அண்ணன் வரிசையில நின்னாராம். அவரு முறை வந்தப்ப விலகி வெளிய போயிட்டாராம். இல்லாத பாவத்தை எப்படிச் சொல்றது, அப்படிச் சொன்னா அது பொய்யாகி அதுவே பாவமாயிடாதான்னு அக்காகிட்ட கேட்டாராம். கிறிஸ்துமஸ் ராத்திரி பூசைக்கு நீங்க மூணு பேருதான் போனீங்க. ஜனவரியில அண்ணன் மஸ்கட் போயிட்டாரு. ஏர்போர்ட்டுக்கு அம்மாவும் அக்காவும்தான் வந்தாங்க.

அம்மா அடக்கத்தைப் பத்தி நான் பேசக் கூடாது. அக்கா கல்லறையில போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்கன்னு மட்டும் தெரியும். அண்ணன் மஸ்கட்ல சேந்து அஞ்சு மாசம்தான், லீவு தரல. கை வலிச்சு அக்கா போனை மாத்திப் பிடிச்சப்பல்லாம் அண்ணனுக்கு வானம்தான் தெரிஞ்சுதாம். நீங்க மண்ணு போட்டதை அவரு பாக்கல. மன்னிச்சுக்குங்க சார். அழாதீங்கக்கா.

இதை நான் சொல்ல வந்த காரணம் வேற. இந்த வருஷம் ஆகஸ்ட்ல அந்தப் பழைய பெட்டி எங்க குடோன்ல தூசி பிடிச்சுக் கிடந்துச்சு. காயலான் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி பாத்து வெய்யின்னு முதலாளி என்கிட்ட குடுத்தாரு. புது டிஸ்க்கு போட்டேன், அதே சாஃப்ட்வேரை ஏத்தினேன். ஓடுச்சு. அண்ணனோட ஒயரு, அண்ணனோட லேப்டாப்பு. ஒம்பதாயிரத்தி அறுநூறுல வெச்சேன். அதே குப்பை. என்டரை ஒரே ஒரு தடவை தட்டினேன்.

நின்னு போச்சு.

ஏழு தடவை பண்ணிப் பாத்தேன். ஏழு தடவையும் நின்னுச்சு.

அப்பறம் வேகத்தை ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டே போனேன். ஒரு லட்சத்து பதினஞ்சாயிரத்து இருநூறுல வெச்சப்ப எழுத்து பளிச்சுன்னு வந்துச்சு. அதுதான் அதோட வேகம். நீங்க வகுத்துப் பாருங்க சார், கரெக்டா பன்னெண்டு மடங்கு. நாம ஒரு தடவை தட்டறது அதுக்குப் பன்னெண்டு மடங்கு நீளமாப் படும். அது எழுத்துன்னே அதுக்குத் தெரியாது. ஒயரை யாரோ அழுத்திப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கும். அதுக்குப் பேரு பிரேக். அந்த சாஃப்ட்வேர்ல பிரேக் வந்தா போட்டது போட்டபடி நிறுத்திட்டு, எஞ்சினியர் ஏதோ பாக்கணும்னு நினைக்கிறாரு போலன்னு காத்துக்கிட்டு நிக்கும். அந்த சாஃப்ட்வேரோட புஸ்தகத்துல நானூத்திப் பத்தாம் பக்கத்துல போட்டிருக்கான், சின்ன எழுத்துல.

காத்துக்கிட்டு இருக்கும் சார். செத்துப் போகாது. நான் சரியான வேகத்துல வெச்சு, தொடர்ந்து போன்னு அர்த்தம் வர ஒரு எழுத்தைத் தட்டினேன். விட்ட இடத்துலேருந்து ஓட ஆரம்பிச்சுது, ஒண்ணுமே நடக்காத மாதிரி. அன்னிக்கும் அப்படித்தான் நின்னிருக்கு. அண்ணன் கேட்டாரே பத்து நிமிஷம், அந்தப் பத்து நிமிஷத்துல அவருக்கு வேகம் மட்டும் தெரிஞ்சிருந்தா அறுபத்தி ரெண்டு பேரு படமும் அப்படியே இருந்திருக்கும்.

ஆக அண்ணன் சொன்னது நிஜம் சார். என்டர் மட்டும்தான் தட்டினாரு. என்டர் தட்டித்தான் நின்னுச்சு. ரெண்டும் நிஜம்.

இல்லைங்க, அப்ப ஏன் வேற வேகம் வெச்சுப் பாக்கலைன்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். ஆஸ்டின் அண்ணன் மாதிரி ஆளு எப்பவும் வெச்சுப் பாப்பாரு, முதலாளி திட்டினாலும் பாப்பாரு. அன்னிக்கும் அதுக்குத்தான் ரெண்டாவது தடவை போன் போட்டாரு. பதினொண்ணு இருபத்தி நாலு, நோட்டுல இருக்கு. ஷீட்ல இருக்கறது நிச்சயமான்னு கேட்டாரு. நிச்சயம்னு சொன்னதாலதான் திரும்பப் போய் என்டரைத் தட்டினாரு.

நான்தான் சார். ரெண்டு தடவையும் போனை எடுத்தது.

நிச்சயமா மலர்னு கேட்டாரு. நிச்சயம்ணா, நானே என்ட்ரி போட்டதுன்னேன். சரிம்மா, நீ போட்டதுன்னா சரியாத்தான் இருக்கும்னு வெச்சுட்டாரு.

அந்த ஷீட்டை நான் சேந்த புதுசுல போன வருஷம் ஆகஸ்ட்ல கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். நாப்பத்தி மூணு மிஷின். ஆபீஸோட பழைய நோட்டுல பாதிக்கு மேல வேகம் எழுதாம காலியா விட்டிருந்தாங்க. எனக்கு எதையும் காலியா விடப் பயம் சார். ஸ்காலர்ஷிப்புக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீஸ் போனப்ப, ஒரு கட்டம் காலியா இருக்குன்னு மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. மூணாவது தடவை அப்பா அந்தாளு கால்லயே விழப் போயிட்டாரு. அதுலேருந்து அப்படி ஆயிடுச்சு. எழுதியிருந்த இடத்துல எல்லாம் ஒம்பதாயிரத்தி அறுநூறுதான் இருந்துச்சு. சரி, எல்லாத்துக்கும் அதுதானே இருக்கும்னு மௌஸைப் பிடிச்சு மேலேருந்து கீழ இழுத்து விட்டேன். ரொம்பிடுச்சு. முதலாளி பாத்துட்டு, இதுதான் வேலைன்னு எல்லாருக்கும் காட்டினாரு.

அந்த மீட்டிங்லயும் என்னைக் கேட்டாரு சார். ஷீட்டு சரிதானேம்மான்னு. இழுத்து விட்டது எனக்கு ஞாபகம் வந்துச்சு. தப்புன்னு தெரியாது, ஆனா ஊகம்னு தெரியும். சேந்து மூணு மாசம்கூட ஆகல, பர்மனென்ட் பண்ணல. சரிதான் சார்னேன். ஆஸ்டின் அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. புள்ளை ஒழுங்காத்தான் போட்டிருக்கும், அதை விடுங்க சார்னாரு.

ஆகஸ்ட்டுலயே தெரிஞ்சும் நவம்பர் வரைக்கும் ஏன் வரலைன்னு கேக்கறீங்களா? பயம்னு சொன்னா அது பதில் இல்லைன்னு எனக்கே தெரியுது.

முதலாளிகிட்டயும் ஸ்கேன் சென்டர்லயும் திங்கக்கிழமை எழுதிக் குடுத்துட்டேன். இந்த மாசம் முப்பதோட வேலை முடியுது. அப்பாகிட்ட இன்னும் சொல்லல. ஞாயித்துக்கிழமை மஸ்கட்டுக்குப் பேசினேன். எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவாருன்னு காத்துக்கிட்டு இருந்தேன். எங்க அப்பாகிட்ட போய்ச் சொல்லுன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. வெச்சுட்டாரு.

நம்பரு அக்காகிட்ட இருக்கு சார். அங்க இப்ப மணி நாலரை இருக்கும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, அவங்களுக்கு லீவு.

இல்லைங்க, வேண்டாம், என்னை ஒண்ணும் சொல்லாதீங்க, பரவால்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் அதுக்கு வரல.

மத்த மிஷினா? அதைப் பத்திக் கவலைப்படாதீங்க சார், அதையும் பாத்துட்டேன். நான் இழுத்து விட்டதுல காலியா இருந்த கட்டம், ஸ்ரீரங்கத்தையும் சேத்து, மொத்தம் இருபத்தி நாலு. இந்த ரெண்டு மாசமா லீவு நாள்ல ஒவ்வொரு இடமாப் போயி, நானே ஒயரை சொருகிப் பாத்தேன். துறையூர், லால்குடி, முசிறி, எல்லாம் பாத்தாச்சு. மிச்சம் இருபத்தி மூணும் ஒம்பதாயிரத்தி அறுநூறுதான் சார்.